முதலாளி பெயரில் உள்ள விசாவில் வேலை மாறுவது எப்படி

வளைகுடாவிலிருந்து வெள்ளிக்கிழமையும் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் டெல்டாப் பக்கத்து வீடுகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "இந்தக் கம்பெனி சரியில்லை, வேறு இடத்தில் கூப்பிடுகிறார்கள், போய்விடட்டுமா?" மன்னார்குடியிலோ முத்துப்பேட்டையிலோ உட்கார்ந்திருக்கும் பெற்றோரும் மனைவியும் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது இத்தகைய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையைச் செய்து வருவதால், நான் பார்த்தவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

நடவு வயலைச் சேறடித்துச் சமப்படுத்தி வைத்த பிறகுதான் நாற்றங்காலில் கை வைக்கிறோம்; பறித்த நாற்றுக்கட்டு வரப்பில் காயக் கூடாது என்பது நமக்குத் தெரியும். வேலை மாறுவதிலும் அதே வரிசைதான். புதிய அனுமதி கைக்கு வராமல் பழைய வேலையை விடக் கூடாது. என்னிடம் சிக்கலோடு வந்தவர்களில் பெரும்பாலோர் சட்டம் தடுத்ததால் மாட்டிக்கொள்ளவில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்ததால்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கையில் இருப்பது எந்த வகை அனுமதி என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் வொர்க் பர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என மூன்று முக்கிய வகைகள் உள்ளன. வேலை மாறும் விதி வகைக்கு வகை வேறுபடுகிறது. சவுதியில் நிறுவன விசாவில் இருப்பவருக்கும், வீட்டு ஓட்டுநர், சமையல்காரர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் போன்றோருக்கும் விதிகள் வெவ்வேறு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் மாறிய வழி நமக்கும் பொருந்தும் என்று நினைப்பது ஆபத்தானது. அட்டையின் காலாவதி தேதி, ஒப்பந்தம் தொடங்கிய தேதி, அதில் எழுதியுள்ள முன்னறிவிப்புக் காலம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே மற்ற பேச்சு.

சிங்கப்பூரில் எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர் மாறுவதற்குப் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. புதிய நிறுவனம் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பித்து, கொள்கை அளவிலான அனுமதிக் கடிதம், அதாவது நம்மவர்கள் ஐ.பி.ஏ. என்று சொல்லும் கடிதம் வந்த பிறகு ராஜினாமா கொடுத்தால் போதும். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதப்படவில்லை என்றால், வேலைச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு, 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு 1 நாள், அதிலிருந்து 2 ஆண்டுக்குள் 1 வாரம், 5 ஆண்டுக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம் என்பது கணக்கு.

வொர்க் பர்மிட்டில் இருப்பவர்களுக்கு நாள்காட்டிதான் எல்லாம். கட்டுமானத் துறையிலும் எண்ணெய், ரசாயன ஆலைப் பணிகள் அடங்கிய பிராசஸ் துறையிலும், பர்மிட் முடிய 40 நாட்களுக்கு மேல் இருக்கும்போது மாற வேண்டுமானால் பழைய முதலாளி சம்மதிக்க வேண்டும். முடிவதற்கு 40 நாட்களிலிருந்து 21 நாட்கள் வரையிலான இடைவெளியில் அந்தச் சம்மதம் தேவையில்லை. பர்மிட் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது என்றால், ஜூலை 22-இலிருந்து ஆகஸ்ட் 10 வரை அந்த வாசல் திறந்திருக்கிறது என்று பொருள். இந்த இருபது நாட்களுக்குள் புதிய நிறுவனம் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதால், வேலை தேடுவதை அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆகஸ்ட் மாதம் தானே என்று பொறுமையாக இருந்து, பதினைந்து நாள் மிச்சமிருக்கும்போது என்னை அழைத்தார்; ஊருக்குத் திரும்பி, மறுபடியும் ஏஜென்டுக்குப் பணம் கட்டிப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை. உயர்நிலைத் திறன் தகுதி பெற்றவர்கள் அந்தச் சான்றிதழைப் புதிய நிறுவனத்திடம் முதலிலேயே காட்ட வேண்டும்; அவர்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளருக்கான மாதக் கட்டணம், குறைவு என்பதால் சம்பளப் பேச்சில் அது நமக்குச் சாதகம். அந்த லெவியை நம் சம்பளத்தில் பிடிப்பது அங்கே சட்டவிரோதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வளைகுடாவுக்கு வருவோம். கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, கையெழுத்துப் போட்ட ரிலீஸ் என்ற விடுவிப்புக் கடிதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்ற பழைய எண்ணம் நம் ஊரில் இன்னும் உறுதியாக இருக்கிறது. நிலைமை பல நாடுகளில் மாறிவிட்டது. சவுதியில் 2021 மார்ச் 14 முதல், தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் தனியார் நிறுவன ஊழியர், முதல் முதலாளியிடம் ஓராண்டை முடித்த பிறகு, 90 நாள் முன்னறிவிப்புடன் அவருடைய சம்மதம் இன்றியே மாற வழி செய்யப்பட்டிருக்கிறது. புதிய நிறுவனம் கிவா என்ற அரசின் தொழிலாளர் தளத்தில் கோரிக்கை அனுப்பும்; அதைத் தொழிலாளி தம்முடைய கிவா கணக்கில் தாமே ஏற்க வேண்டும். ஆகவே அரசு சேவைத் தளமான அப்ஷர், கிவா ஆகிய இரண்டு கணக்குகளும் நம் கைபேசி எண்ணில், நம் கடவுச்சொல்லில் இருக்க வேண்டும். தங்குமிடப் பொறுப்பாளரான கேம்ப் பாஸின் எண்ணில் பதிவாகியிருந்தால் இன்றே மாற்றிக்கொள்வது நல்லது. மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் வராமல் போனாலோ, இக்காமா எனும் வசிப்பிட அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் இருந்தாலோ, ஓராண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இக்காமாக் கட்டணமும் இடமாற்றக் கட்டணமும் முதலாளியின் பொறுப்பு என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டு வேலையாளாகவும் வீட்டு ஓட்டுநராகவும் போனவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அவர்களுக்கான வழி முசானெத் என்ற அரசுத் தளத்தில் தனியாக இருக்கிறது.

கத்தாரில் 2020-இல் வந்த சட்டத் திருத்தத்தால், வீட்டு வேலையாட்கள் உட்பட எல்லோருக்கும் தடையில்லாச் சான்று என்ற பேச்சே நீங்கிவிட்டது. இரண்டாண்டு வரை வேலை பார்த்தவர் ஒரு மாதமும், அதற்கு மேல் பார்த்தவர் இரண்டு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி முன்னறிவிப்பு 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் இருக்கும். ஆறு மாதத்துக்கு மிகாத தகுதிகாண் பருவத்திலேயே உள்நாட்டில் வேறு நிறுவனத்துக்கு மாறுபவர் ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய நிறுவனம் ஆளெடுக்கச் செய்த செலவைப் புதிய நிறுவனம் ஈடுசெய்யும். அந்தச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டப் பார்ப்பவர்களும் உண்டு. அதற்கு உடன்படக் கூடாது.

ராஜினாமா தேதியை முடிவு செய்யும் முன் பணிக்கொடைக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இதை நம்மவர்கள் அநேகமாகப் பார்ப்பதே இல்லை. சவுதியில் தாமாக ராஜினாமா செய்பவருக்கு இரண்டாண்டு முடியாவிட்டால் பணிக்கொடையே கிடையாது. இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கும், ஐந்திலிருந்து பத்தாண்டுக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கும், பத்தாண்டைத் தொட்டால் முழுவதும் கிடைக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்து விலகுபவருக்கோ இந்தப் பிடித்தம் இல்லை. ஓராண்டு பத்து மாதத்தில் விலகுபவர் இரண்டு மாத அவசரத்துக்காக எதை இழக்கிறார் என்று பாருங்கள். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன் பின் ஆண்டுக்கு 30 நாளும் கணக்கிடப்படும்.

ராஜினாமாவை வாயால் சொல்லி விடக் கூடாது. மின்னஞ்சலிலோ அந்நாட்டுத் தளத்திலோ தேதியோடு பதிய வேண்டும்; போர்மேனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்ப வேண்டாம். முன்னறிவிப்புக் காலத்தில் ஒரு நாளும் காரணமின்றி வேலைக்குப் போகாமல் இருக்கக் கூடாது. அந்த நாட்களில்தான் வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற புகார், சவுதியில் ஹுரூப் என்பார்கள், பதிவாகிறது. அது ஏறிவிட்டால் இடமாற்றம் நின்றுவிடும், ஊருக்குத் திரும்புவதும் சிக்கலாகும். புதிய அனுமதி வருவதற்குள் புதிய இடத்தில் இரண்டு நாள் உதவிக்கு நிற்பதும் அதே அளவு ஆபத்து. சிங்கப்பூரில் உரிய பாஸ் இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், அட்டையின் இருபுறம் ஆகியவற்றைப் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வைப்பது நல்லது. கைபேசி தொலைந்தாலும் வீட்டில் ஒரு பிரதி இருக்கும். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முதலாளி தம் பெட்டியில் பூட்டி வைக்க உரிமை இல்லை.

வீட்டுக் கணக்கும் இதில் சேர்ந்ததுதான். மாறும் மாதத்தில் சம்பளம் தாமதமாகும். நகைக்கடன் வட்டியும் சீட்டுப் பணமும் அதற்காகக் காத்திருக்காது. மேட்டூர் திறந்து குறுவைக்கோ சம்பாவுக்கோ உழவு, நடவுச் செலவு விழும் மாதங்களில் வேலை மாறுவதை, முடிந்தால் தள்ளிப்போடலாம். முடியாவிட்டால் இரண்டு மாதச் செலவை முன்பே ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"விசிட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவரையும், "ஃப்ரீ விசா எடுத்துத் தருகிறேன், மாதாமாதம் கஃபீலுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் வேலை பார்" என்பவரையும் நம்ப வேண்டாம். ஃப்ரீ விசா என்று சட்டத்தில் ஒரு விசா இல்லை. ஊருக்கு வந்து புதிய விசாவில் திரும்பிப் போவதானால், ஏஜென்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. முதல் பயணத்தில் எடுத்த பிரவாசி பாரதிய பீமா காப்பீடு, 10 லட்ச ரூபாய் மதிப்புள்ளது, முதலாளி மாறினாலும் அதன் காலம் முடியும் வரை செல்லும்.

முதலாளி மிரட்டினாலோ சம்பளத்தை நிறுத்தினாலோ முதலில் அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடமே புகார் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் மனிதவள அமைச்சும் வெளிநாட்டு ஊழியர் நிலையமும் தமிழில் பேசுவோருக்குப் பழக்கப்பட்ட இடங்கள். இந்தியத் தூதரகத்துக்கு, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளம் வழியாக எழுதலாம். வீட்டார் இங்கிருந்து, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் எழுதலாம். மனுவில் கோபத்தை எழுதாமல் தேதிகளை எழுதினால் அலுவலர் விரைவாகப் படிப்பார்.

புதிய அனுமதி வந்த அன்று அதிலுள்ள பெயர், தொழில், சம்பளம் ஆகியவை பேசியபடி இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். பேசியது 900, கடிதத்தில் இருப்பது 700 என்றால், கையெழுத்துப் போடும் முன்தான் கேட்க முடியும்.