கிரீன் பெல்ட் நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முதல் தவறு பெயரிலேயே ஆரம்பிக்கிறது. "எங்கள் நிலத்தில் பச்சையே இல்லை, முள்ளும் பழைய தகரக் கொட்டகையும்தான் இருக்கு, இது எப்படி கிரீன் பெல்ட் ஆகும்?" என்று கேட்பவர்களை இங்கிலாந்தில் நிறையப் பார்க்கிறேன். நிலம் அழகாக இருக்கிறது, மண் வளமாக இருக்கிறது என்பதற்காகக் கொடுத்த பெயர் இல்லை அது. ஊர் வீங்கிக்கொண்டே போகாமல் தடுக்கப் போட்ட கோடு. லண்டனைச் சுற்றி 1938லேயே சட்டம் வந்தது, 1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது, இன்று இங்கிலாந்து நிலப்பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. அதற்கு ஐந்து நோக்கங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: பெரிய நகரம் கட்டுப்பாடில்லாமல் பரவக் கூடாது, பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒட்டிக்கொள்ளக் கூடாது, நாட்டுப்புறத்துக்குள் கட்டடம் நுழைந்துகொண்டே போகக் கூடாது, வரலாற்று ஊர்களின் சூழல் கெடக் கூடாது, ஊருக்குள் பாழாய்க் கிடக்கும் இடங்களை முதலில் பயன்படுத்த வேண்டும். உங்கள் மனு இந்த ஐந்துக்கும் பதில் சொல்ல வேண்டும். புதர் மண்டிக் கிடக்கிறது என்பது பதில் இல்லை.

இதைவிட மோசமான தவறு, மனு போடுவதற்கு முன் அந்தப் புதரை வெட்டி வழித்துவிடுவது. காலி இடமாகத் தெரிந்தால் அனுமதி சுலபம் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். 2024 முதல், சில விலக்குகள் தவிர, கட்டுமானம் எதுவானாலும் அந்த இடத்தின் இயற்கை மதிப்பை 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும், 30 வருடம் பராமரிக்கவும் வேண்டும். 30 ஜனவரி 2020க்குப் பிறகு அனுமதியில்லாமல் அழித்திருந்தால், அழிப்பதற்கு முன் இருந்த மதிப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பழைய செயற்கைக்கோள் படம் எல்லார் கையிலும் இருக்கிறது. பறவை கூடு கட்டியிருக்கும் நேரத்தில் வேலிச்செடியை வெட்டிக் கூட்டைக் கெடுத்தால் அது தனிக் குற்றம்.

சரி, எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதிலும் குழப்பம் வருகிறது. வழி இரண்டு. கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், தன் பகுதியில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் லோக்கல் பிளானைத் திருத்தும்போது, யார் யாரிடம் நிலம் இருக்கிறது என்று அழைப்பு விடுக்கும், அதில் உங்கள் நிலத்தைக் கொடுக்கலாம். அங்கே கிரீன் பெல்ட் எல்லையையே மாற்ற வேண்டியிருப்பதால், 'விதிவிலக்கான சூழ்நிலை' இருக்கிறது என்று கவுன்சில் நிரூபிக்க வேண்டும். இன்னொன்று நேராக பிளானிங் விண்ணப்பம் போடுவது. அதற்கு வழக்கமாகக் கேட்பது 'மிகவும் சிறப்பான சூழ்நிலை', அந்த அளவுகோல் இன்னும் உயரம். ஒன்றுக்கு எழுதிய வாதத்தை மற்றதில் ஒட்டினால் இரண்டும் கெடும். அழைப்பில் பெயர் கொடுத்துவிட்டு, கவுன்சில் பட்டியலில் நிலம் வந்துவிட்டதென்று அனுமதியே கிடைத்ததுபோல் பேசுகிறவர்களும் உண்டு. அந்தப் பட்டியல் வெறும் இருப்புக் கணக்குதான். அதற்குப் பிறகு மதிப்பீடு, பொதுமக்கள் கருத்து, அரசு நியமிக்கும் பிளானிங் இன்ஸ்பெக்டரின் விசாரணை எல்லாம் இருக்கிறது, வருடக்கணக்கில் இழுக்கும்.

2024 டிசம்பரில் தேசியக் கொள்கையில் 'கிரே பெல்ட்' என்ற சொல் வந்ததிலிருந்து, அந்தப் பெயர் கிடைத்தால் அனுமதிக்கு வழி கொஞ்சம் சுலபம் என்று எல்லாரும் தங்கள் நிலம் கிரே என்கிறார்கள். கிரீன் பெல்ட்டுக்குள் ஏற்கெனவே கட்டடம் இருந்த இடமாகவோ, நகரம் பரவாமை, ஊர்கள் ஒட்டாமை, வரலாற்று ஊர்ச் சூழல் என்ற மூன்று நோக்கங்களில் எதற்கும் வலுவாக உதவாத இடமாகவோ இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அதனால் சுற்றி நடந்து பாருங்கள். அடுத்த ஊரின் கூரை உங்கள் வயலில் நின்றால் தெரிகிறதா? நடுவில் இருக்கும் ஒரே இடைவெளி உங்கள் வயல்தானா? ஆமாம் என்றால் கிரே என்று வாதாடுவது வீண்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மூன்று ஏக்கர் குதிரை மேய்ச்சல் நிலம் ஊர் ஓரத்தில் இருக்கிறது. வரைபடம் அழகாகப் போட்டார்கள், வீடுகள், மரங்கள், சைக்கிள் பாதை எல்லாம் இருந்தது. ஒருநாள் கேட்டருகில் நின்று பார்த்தோம். கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லாத புல்வரப்பு, நெட்டில் செடி முளைத்துக் கிடந்தது. நிலப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பார்த்தால் அது வேறொருவர் பெயரில் இருக்கிறது. நடந்து வர உரிமை உண்டு, ஐம்பது வீட்டுக்குப் பாதை போட உரிமை இல்லை. இப்படி வழியை மறித்து, விலை கேட்க இடம் தரும் துண்டு நிலத்துக்கு ரான்சம் ஸ்ட்ரிப் என்று பெயர். 1961ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் வழக்கு ஒன்றில் இப்படிப்பட்ட துண்டுக்கு, நிலத்தின் மதிப்பு உயர்வதில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டார்கள், இன்றும் பேரம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. லேண்ட் ரெஜிஸ்ட்ரி படத்தின் சிவப்புக் கோடும் பொதுவான எல்லையைத்தான் காட்டும், அங்குல சுத்தமாக இருக்காது. முதலில் பாதையைப் பாருங்கள், அப்புறம் வீடு வரையலாம்.

பணக் கணக்கிலும் ஏமாந்துபோகிறார்கள். கிரீன் பெல்ட்டில் பத்து வீடோ அதற்கு மேலோ கட்டினால், கட்டுப்படியாகும் விலை வீடுகளின் பங்கு அந்தக் கவுன்சில் வழக்கமாகக் கேட்பதைவிட 15 புள்ளி கூடுதல், உச்சவரம்பு 50 சதவீதம். வழக்கம் 30 என்றால் உங்களுக்கு 45. அறுபது வீட்டில் இருபத்தேழு. இதைப் பாரமாகப் பார்க்காதீர்கள் என்று மனதாரக் கேட்கிறேன். லண்டனில் இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் நம் குடும்பங்களை எனக்குத் தெரியும், அந்த இருபத்தேழு வீடுகள்தான் இந்த முழு முயற்சிக்கும் நியாயம். ஆனால் கணக்கில் முதலிலேயே சேர்க்க வேண்டும், கடைசியில் 'கட்டுப்படியாகவில்லை' என்று குறைக்கப் போனால் நம்பிக்கை போய்விடும்.

இன்னொன்று, இது நிலம் வாங்குபவர்களுக்கு. ஊரில் புஞ்சையை பிளாட் போட்டு விற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே ஒரு வயலைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து "சீக்கிரம் பர்மிஷன் வந்துவிடும்" என்று விற்பது இயல்பாகத் தெரியும். என் உறவினர் ஒருவரும் அப்படி வாங்கினார், பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் புல்தான். நூறு பேர் கையில் சிதறிய வயலில் ஒரு வடிகால் போடக்கூட எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். வாங்காதீர்கள்.

அண்டை வீட்டாரை எதிரியாக நினைத்து ஒளித்துச் செய்வதும் தவறு. எப்படியும் தெரிந்துவிடும், மனு பொதுப் பார்வைக்குப் போகும். நான் சொன்ன அந்தக் குடும்பம் பாரிஷ் கவுன்சில் என்ற சின்ன ஊர் மன்றத்தின் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தது. திட்டுவார்கள் என்று பயந்தார்கள், கொஞ்சம் திட்டவும் செய்தார்கள். கடைசியில் ஒரு வயதான அம்மா எழுந்து, "மழை பெய்தால் தண்ணி எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, குளிர்கால மழையில் தன் வீட்டுச் சந்தில் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும் படங்களை மேசையில் வைத்தார். சுற்றுச்சூழல் முகமையின் வெள்ள வரைபடத்தில் ஆற்று வெள்ளக் கணக்குப்படி அந்தக் குடும்பத்தின் வயல் பாதுகாப்பான மண்டலம். வயலின் சரிவு அந்தச் சந்தை நோக்கித்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தார்கள். படங்களுக்குப் பிரதி கேட்டு வாங்கி, கீழ் மூலையில் நான்கு வீட்டைக் குறைத்துவிட்டு அங்கே மழைநீர்க் குளத்தை வரைந்த பிறகுதான் மனுவை அனுப்பினார்கள்.