கன்னியாகுமரி மழை ஈரத்தில் லெப்பர்ட் கெக்கோ வளர்ப்பு: புதியவர்களுக்குப் படிப்படியாக

லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லியின் வளர்ப்பைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. எப்படிச் சூடாக்குவது என்றே பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் அந்தக் கவலை பாதிதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் ஓயாததுமாக அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையையும் வாங்கும் ஊர் இது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கமெல்லாம் அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பே பூசணம் பிடிக்கும். இப்படிப்பட்ட ஊரில் வறண்ட நிலத்துப் பிராணியை வளர்ப்பவருக்குச் சூட்டைவிட ஈரம்தான் தலைவலி. அதனால் இந்தப் பதிவில் ஈரத்துக்குத்தான் அதிக இடம்.

பிராணியைப் பற்றி நாலு வரி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் எனக் கல்லும் புதருமான வறண்ட பூமிதான் இதன் சொந்த ஊர். கல்கத்தா ஆசியவியல் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் 1854இல் இதை முதன்முதலாக விவரித்து அறிவியல் பெயர் வைத்தார். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இருப்பதுபோல விரலடியில் ஒட்டும் திண்டு கிடையாது, கண்ணாடியில் ஏறாது. இமை உண்டு, கண்ணைச் சிமிட்டும். வளர்ந்தால் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். பத்தாம் வகுப்பில் வாங்கும் பையன் கல்யாணம் முடிந்தும் இதற்குப் பூச்சி போட வேண்டியிருக்கும். வீட்டில் பாட்டிமார் "சுவத்துல ஓடுதது போதாதா மக்கா?" என்று கேட்பார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

படி 1: வன அலுவலகம், பிறகு கடை

இந்தியாவிலும் இயற்கையாக வாழும் இனம் என்பதால் சட்டத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைகளோடு நடப்பில் இருக்கிறது. 'யூப்ளெஃபாரிஸ் மாக்குலாரியஸ்' என்ற அறிவியல் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்: வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, என்ன பதிவு வேண்டும், விற்பவரிடமிருந்து எந்தெந்தக் காகிதம் வாங்க வேண்டும்? கூடாது என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். பில் தரமாட்டேன், பஸ் பார்சலில் டப்பாவில் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்பவரிடம் பேச்சை நீட்டவே வேண்டாம். காட்டில் பிடித்ததை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. நம் மலையடிவாரத்துப் பாறைப் பல்லிகளைப் பிடித்துவந்து வளர்க்கலாமே என்ற யோசனையும் இங்கேயே முடியட்டும்.

படி 2: குட்டியைத் தேர்ந்தெடுப்பது

வாலைப் பாருங்கள். கொழுப்பைச் சேர்த்து வைப்பது அங்கேதான். அடிவால் கழுத்தைவிட ஒல்லியாக இருந்தால் பட்டினி அல்லது நோய். கண் தெளிவாக, மூக்கு காய்ந்து, விரல் பத்தொன்பதோ இருபதோ என்று எண்ண வேண்டிய நிலை இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும். கடைக்காரரை உங்கள் எதிரில் ஒரு பூச்சி போடச் சொல்லுங்கள். குறிபார்த்துக் கவ்வுகிறதா, தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுகிறதா என்று தெரிந்துவிடும். 'எனிக்மா' என்ற நிறவகையில் நரம்புக் கோளாறு பிறவியிலேயே வரும். 'லெமன் ஃப்ராஸ்ட்' மஞ்சள் பளிச்சென்று இருக்கும், ஆனால் அந்த நிறத்துக்குக் காரணமான மரபணுவே தோலில் புற்றுக் கட்டியையும் கொண்டுவருகிறது என்று 2021இல் வந்த ஆய்வு காட்டியது. அழகுக்காக இந்த இரண்டையும் வாங்காதீர்கள். சாதாரண மஞ்சள் கறுப்புப் புள்ளிக்காரன் போதும்.

ஒன்று மட்டும் வாங்குங்கள். துணை வேண்டுமே என்று இரண்டு ஆணைச் சேர்த்து வைத்தால் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் பெண்ணுக்கு நிம்மதி இருக்காது.

படி 3: கூடு

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலக் கண்ணாடித் தொட்டி சரியாக இருக்கும். உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் முக்கியம். மேலே கம்பி வலை மூடி கட்டாயம். மீன் தொட்டியின் கண்ணாடி மூடியை அப்படியே போட்டால் உள்ளே வியர்த்துக் கொட்டும். கிழக்கு, மேற்கு ஜன்னலோரம் வேண்டாம். வெயில் நேராகப் பட்டால் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். காங்கிரீட் வீட்டின் மாடி அறையும் ஏப்ரல், மே மாதங்களில் ஆகாது. கீழ்த்தளத்தில், அடுக்களைக்கும் குளியலறைக்கும் தள்ளி ஓர் அறை பாருங்கள்.

தரைக்கு மணல் போடாதீர்கள். பூச்சியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும், குட்டிகளுக்கு இது அடிக்கடி நடக்கும். முதல் ஒரு மாதம் கிச்சன் டிஷ்யூ விரியுங்கள், எச்சம் எப்படி இருக்கிறது என்று தெரியும். அதன்பிறகு, வீடு கட்டியபோது மிஞ்சிய தரை டைல்ஸ் எந்த வீட்டிலும் நாலு கிடக்கும். வழுக்காத சொரசொரப்பானதை அளவுக்கு வெட்டிப் போடுங்கள். சூட்டைப் பிடித்துவைக்கும், துடைக்கவும் சுலபம்.

ஒளிந்துகொள்ள மூன்று இடம் வேண்டும்: சூடான மூலையில் ஒன்று, குளிர்ந்த மூலையில் ஒன்று, நடுவில் ஈரமானது ஒன்று. கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாறைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. குட்டிக்கு, ஓரத்தில் வாசல் அறுத்துச் சுரண்டி வழவழப்பாக்கிய சிரட்டை போதும். பெரிதானால் பழைய கூரை ஓட்டை உடைத்து, கூர்முனையை உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். ஓடும் சிரட்டையும் ஈரம் குடிக்கும் என்பதால் இரண்டு செட் வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஒன்றைக் கழுவி வெயிலில் காயப்போட்டு மாற்றுங்கள்.

படி 4: சூடு

தொட்டியின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. தனக்கு வேண்டிய இடத்தை அதுவே தேடிப் போய்க்கொள்ளும். சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 முதல் 27. தின்றது செரிக்க வயிற்றுக்கு அடியில் இந்தச் சூடு வேண்டும். தொட்டிக்கு அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் தட்டையான விரிப்பு) ஒட்டி, அதைத் தெர்மோஸ்டாட்டில் (சூடு அளவைத் தாண்டாமல் தானாகவே அணைத்துப் போடும் கருவி) இணையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுவிடும். சென்சார் ஒயரை மேட்டுக்கு மேலே, பிராணி படுக்கும் தரையில் டேப்பால் ஒட்டுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கணக்கு தப்பும்.

மழைக்காலத்தில் கரண்ட் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் ஊரில் இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் இதற்குத் தாங்கும். வராது என்று தெரிந்தால் அன்றிரவு தீனி மட்டும் போடாமல் விடுங்கள். உண்மையான ஆபத்து கோடையில்தான். குளிர்ந்த மூலையே 32ஐத் தாண்டினால் அதற்கு ஒதுங்க இடமில்லை. மேட்டை அணைத்துவிட்டு, தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி வலை மூடியின் ஓரத்தில் வையுங்கள்; துணி சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஈரம்

தொட்டிக்குள் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் நல்லது என்பார்கள். சாரல் அடிக்கும் ஜூலையில் நம் அறைக்குள்ளேயே 80 காட்டும். 40ஐ எட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 60க்குக் கீழே வைத்து, உள்ளே காற்றோட்டமும் காய்ந்த தரையும் இருந்தாலே பிராணி நன்றாக இருக்கும். ஈரமும் அழுக்கும் சேர்ந்தால்தான் மூச்சுத்தொற்றும் தோல் புண்ணும் வருகின்றன.

குறைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. 26 டிகிரியில் 80 சதவீதம் ஈரம் உள்ள காற்றை அப்படியே 32 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியேறாமலேயே ஈரப்பதம் 56 சதவீதத்துக்கு வந்துவிடும். சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் கொள்ளளவு அதிகம் என்பதுதான் காரணம். ஆனால் ஹீட் மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றைத் தொடாது. எனவே மழை மாதங்களில் வலை மூடிக்கு மேலே, வெளிப்பக்கமாக, வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் குறைந்த வாட் செராமிக் ஹீட்டர் ஒன்றைச் சூடான பக்கத்தில் பொருத்துங்கள். அதற்கும் தனித் தெர்மோஸ்டாட் வேண்டும். ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மீட்டரைக் குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள். முள் சுற்றும் மலிவு மீட்டர் ஏமாற்றும்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். தண்ணீர்க் கிண்ணம் சிறியதாக, ஆழமில்லாமல், குளிர்ந்த மூலையில். உள்ளே ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். துணி காயப்போடும் அறையில் தொட்டி இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் நாம் எல்லோரும் வீட்டுக்குள்தானே கொடி கட்டுகிறோம்.

இதெல்லாம் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கதை. ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு நேர் எதிர். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அங்கே எல்லாம் வறண்டு கிடக்கும். தோல் உரியாமல் ஒட்டிக்கொள்வதுதான் அவர்கள் பிரச்சினை. மீட்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்து ஊர்க்காரர் சொன்னது உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம்.

படி 6: எறும்பும் கொசுவத்தியும்

பூச்சி மிச்சம் கிடந்தால் ஒரே இரவில் எறும்பு வரிசை கட்டிவிடும். மேசைக் கால்கள் நாலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள், அரிசிப் பானைக்குச் செய்கிற அதே வேலைதான். கொசு முட்டையிடாமல் இரண்டு நாளைக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். எறும்புச் சாக்பீஸ், பூச்சி ஸ்பிரே, கொசுவத்தி, பிளக்கில் செருகும் கொசு மருந்து எதுவும் அந்த அறையில் கூடாது. பூச்சியைக் கொல்லும் அந்த மருந்துகள் பல்லி இனத்துக்கும் ஆகாதவை. கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

படி 7: தீனி

உயிருள்ள பூச்சி மட்டும்தான். பழம், கீரை, சோறு, மீன் துண்டு எதுவும் தின்னாது. கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், மீல்வேர்ம் (ஒருவகை வண்டின் புழு) இவைதான் வழக்கம். இவற்றில் மீல்வேர்ம் வீட்டிலேயே வளர்க்கலாம்: அகலமான டப்பாவில் இரண்டு அங்குலம் கோதுமைத் தவிடு, மேலே ஒரு கேரட் துண்டு, மூடியில் ஓட்டைகள். நம் ஈரத்தில் தவிடு பூத்துப்போகும்; அதனால் கேரட்டைத் தினமும் மாற்றி, தவிட்டை முதலிலேயே வாணலியில் இளஞ்சூட்டில் வறட்டி ஆறவைத்துப் போடுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: பூச்சியின் அகலம் கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை, அந்தி சாய்ந்த பிறகு. போடுவதற்கு முந்தைய நாள் பூச்சிக்கு முருங்கைக் கீரையும் கேரட்டும் கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். பிறகு ஒரு பாலிதீன் கவரில் பூச்சியையும் ஒரு சிட்டிகை கால்சியம் பவுடரையும் போட்டுக் குலுக்கினால் மேலெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு இல்லாத வீட்டில் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் தேவை; எத்தனை தடவை என்பது டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி. கால்சியத்தை மறந்தால் எலும்பு இளகிக் கால் வளையும், தாடை தொய்யும். வளைந்த கால் பின்னர் நேராகாது.

தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போடாதீர்கள். வாழைக்கும் பயிருக்கும் அடித்த மருந்து அதற்குள் இருக்கும். மின்மினி இன்னும் மோசம். ஒன்றே ஒன்று போதும் கொல்வதற்கு. தின்னாமல் மிஞ்சிய கிரிக்கெட்டை அன்றே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூங்கும் கெக்கோவைக் கடிக்கும்.

படி 8: தோல் உரிப்பு

உடம்பு சாம்பல் பூசியதுபோல வெளுத்தால் ஓரிரு நாளில் உரிக்கப் போகிறது. நடுவில் உள்ள மறைவிடத்தில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை வையுங்கள். மழைக்காலத்தில் உரிக்கும் நாட்களில் மட்டும் போதும், காற்றுக்காலத்தில் எப்போதும் இருக்கட்டும். உரித்த தோலை அதுவே தின்றுவிடும், பயப்பட வேண்டாம். மறுநாள் விரல் நுனிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். நூல்போல ஒரு வளையம் மிஞ்சியிருந்தால் அது இறுகி விரலே கருகி விழும். வெதுவெதுப்பான தண்ணீர் கால் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் நிறுத்தி, நனைந்த காட்டன் பட்ஸால் மெதுவாக உருட்டி எடுங்கள். இழுக்காதீர்கள்.

படி 9: கையில் எடுப்பது

வந்த முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கையைப் பக்கவாட்டில் நீட்டி அதுவாக ஏறட்டும். மேலிருந்து கை வந்தால் பருந்து என்று நினைத்து ஓடும். வாலைப் பிடித்தால் கழற்றிவிட்டுப் போய்விடும்; புது வால் வரும், பழைய அழகு வராது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இதன் எச்சத்தில் இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். கிண்ணத்தை அடுக்களைத் தொட்டியில் கழுவுவதும் கூடாது.

படி 10: எப்போது டாக்டரிடம்?

வாரம் ஒருநாள் கிராம் காட்டும் டிஜிட்டல் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். வால் மெலிவது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூக்கில் குமிழி, எச்சம் தொடர்ந்து தண்ணீராகப் போவது, எடை இறங்கிக்கொண்டே தின்னாமல் இருப்பது, இவற்றில் எதையும் கைவைத்தியத்தில் பார்க்காதீர்கள். மாட்டுக்கும் நாய்க்கும் பார்க்கும் எல்லா டாக்டரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. பிராணி வாங்குவதற்கு முன்பே போனில் கேட்டு, பார்ப்பவர் யார் என்று குறித்துவையுங்கள். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கும் விசாரித்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும்போது ஓட்டை போட்ட டப்பாவில் பருத்தித் துணி விரித்து, வெயில் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, எடை நோட்டையும் தொட்டியின் போட்டோவையும் கையோடு கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.