அமெரிக்க வரலாறும் அரசியலும் படிக்கத் தொடங்குகிறீர்களா? தெரிந்த சொற்களிடம் உஷார்

அமெரிக்க வரலாறு, அரசமைப்பு, இலக்கியம் என எந்தத் தாளை எடுத்தாலும், மார்க் போவது 'ஃபிலிபஸ்டர்' போன்ற வாயில் நுழையாத சொற்களால் இல்லை. அவற்றைக் கண்டதுமே அகராதியைத் திறந்துவிடுவோம். காங்கிரஸ், செக்ரட்டரி, காலேஜ் என்று நமக்குப் பழகிய சொற்கள்தான் காலை வாரும்.

படி 1: நோட்டில் மூன்று பத்தி

முதல் பத்தியில் சொல், இரண்டாவதில் அங்கே அதற்குள்ள பொருள், மூன்றாவதில் அதோடு ஒட்டிய ஓர் எண் அல்லது ஆண்டு. நாளைக்கு ஐந்து சொல் போதும். அகர வரிசையில் எழுதாதீர்கள். அடுத்தடுத்த சொற்களுக்குள் உறவே இல்லாமல் மூன்றாம் நாளே எல்லாம் கலந்துவிடும்.

படி 2: மூன்று கிளை

வரிசையை அரசமைப்பே தருகிறது: முதல் பிரிவு காங்கிரஸ், இரண்டாவது அதிபர், மூன்றாவது நீதித்துறை. காங்கிரஸ் அங்கே கட்சி இல்லை, நாடாளுமன்றம்: செனட்டில் 100 பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர். அமைச்சரவையில் வரும் செக்ரட்டரி ஐஏஎஸ் அதிகாரி இல்லை, அமைச்சர். 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்றால் வெளியுறவு அமைச்சர். ஆனால் பல மாநிலங்களில் இதே பட்டத்தோடு தேர்தல் வேலையைக் கவனிக்கும் ஒருவரும் உண்டு. செய்தியில் ஜார்ஜியா, மிச்சிகன் என்று மாநிலப் பெயர் ஒட்டி வந்தால் அது அவர்தான்.

எலெக்டோரல் காலேஜில் வகுப்பும் இல்லை, கட்டடமும் இல்லை. அது அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 பேர்: 435, 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. ஜெயிக்க 270 வேண்டும்.

படி 3: ஒரு மசோதாவின் பின்னாலேயே போங்கள்

இரு அவைகளும் ஒரே வடிவில் நிறைவேற்ற வேண்டும். செனட்டில் பேசிப் பேசியே இழுத்தடிப்பது ஃபிலிபஸ்டர். அதற்கு முற்றுப்புள்ளி வைக்கும் வாக்கெடுப்பு குளோச்சர். மசோதா என்றால் குளோச்சருக்குப் பெரும்பாலும் 60 வாக்கு தேவை. பிறகு அதிபர் மேசை. ஞாயிறு நீங்கலாக 10 நாளில் அவர் கையெழுத்துப் போடலாம், அல்லது வீட்டோ செய்து திருப்பி அனுப்பலாம். வீட்டோவை மீற இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சும்மா இருந்தால்? காங்கிரஸ் கூடியிருந்தால் சட்டமாகிவிடும். கலைந்து போய்விட்டால் மசோதா செத்துவிடும். அதுதான் பாக்கெட் வீட்டோ.

படி 4: இம்பீச்மென்ட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

தமிழில் இதைப் 'பதவிநீக்கம்' என்று எழுதுவதால்தான் குழப்பமே. இம்பீச்மென்ட் என்பது பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டுவது, அவ்வளவுதான். பதவி பறிபோக, செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் குற்றவாளி என்று சொல்ல வேண்டும். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் தப்பியது ஒரே வாக்கில்: எதிராக 35, தேவைப்பட்டது 36. கிளிண்டன் (1998), டிரம்ப் (2019, 2021) மீதும் குற்றச்சாட்டு நிறைவேறியது. ஒருவருக்கும் பதவி போகவில்லை. நிக்சன் இந்தப் பட்டியலிலேயே வரமாட்டார். முழு அவை வாக்களிக்கும் முன்பே, 1974இல், அவராகவே விலகிவிட்டார்.

படி 5: வரலாற்றில் ஒரு தலைகீழ்ச் சொல்

நம்மூரில் கூட்டாட்சி என்று குரல் கொடுப்பவர் மாநில உரிமை கேட்பவர். 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அரசமைப்பை ஆதரித்த ஃபெடரலிஸ்டுகளோ வலுவான மத்திய அரசைக் கேட்டவர்கள்: ஹாமில்டன், மேடிசன், ஜே. மாநிலங்களின் கை ஓங்க வேண்டும் என்றவர்கள் ஆன்டி-ஃபெடரலிஸ்டுகள். உரிமைகளுக்கு உத்தரவாதம் எங்கே என்று இவர்கள் கொடுத்த நெருக்கடியால் வந்ததுதான் 'பில் ஆஃப் ரைட்ஸ்'. இந்த 'பில்' மசோதா இல்லை. 1791இல் நடைமுறைக்கு வந்த முதல் பத்துத் திருத்தங்கள்.

இலக்கியத்துக்கு இப்போதைக்கு ஒரே எச்சரிக்கை: எமர்சன், தோரோ பேர் வரும் 'டிரான்ஸெண்டெண்டலிசம்' ஆழ்நிலைத் தியானம் இல்லை. 1830களில் நியூ இங்கிலாந்தில் தோன்றிய சிந்தனை இயக்கம் அது. இருவரும் கீதையைப் படித்தவர்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை முதல் இரண்டு பத்தியையும் அட்டையால் மூடிவிட்டு, எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லைச் சொல்லுங்கள். 60 என்றதும் குளோச்சர் வர வேண்டும். தடுமாறிய சொல்லை மறுநாள் ஐந்தில் ஒன்றாக எழுதிவிடுங்கள்.