உலை வைக்கும் முன் ஒரு பிடி: தேவனுக்கு முதலிடம் கொடுத்து வாழும் முறை

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளின் அடுக்களையில், அரிசிப் பானைக்கு அருகிலேயே மூடி போட்ட ஒரு சிறிய டின் இருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். என் பாட்டி உலைக்கு அரிசி அளந்தவுடன், அதைக் களைவதற்கு முன்பே, ஒரு பிடியை எடுத்து அந்த டின்னில் போட்டுவிடுவார்கள். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தாலும், பானையில் படி அடியைத் தட்டினாலும், அந்தப் பிடி தவறாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி பிடியரிசிக் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். தேவனுக்கு முதலிடம் கொடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் அந்த டின்னைத்தான் காட்டுவேன், ஏனெனில் இருப்பது எல்லாருக்கும் போதுமா என்று தெரிவதற்கு முன்பே எடுக்கப்பட்ட பிடி அது.

“முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்” என்னும் மத்தேயு 6:33 சுவரில் மாட்டப்படாத கிறிஸ்தவ வீடு நம்மிடையே அரிது. அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். உணவும் உடையும் நமக்கு வேண்டியவை என்று பரமபிதா அறிந்திருக்கிறார் என்றே ஆண்டவர் அங்கே சொல்கிறார். ஆகையால் வேலையை விட்டுவிடுவதோ குடும்பத்தை மறப்பதோ இங்கே பேச்சில்லை. நேரத்திலும் பணத்திலும் எது முதலில் எடுத்து வைக்கப்படுகிறது என்பதே கேள்வி.

நேரத்தில் தொடங்குவது எளிது. காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் பதினைந்து நிமிடம் வேதம் வாசித்து ஜெபிப்பதென்று முந்தின இரவே முடிவு செய்து, வாசிக்க வேண்டிய பகுதியில் அடையாளம் வைத்துவிட்டுப் படுங்கள். எழுந்தபின் எங்கே வாசிக்கலாம் என்று புரட்டத் தொடங்கினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். குடும்ப ஜெபத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன் வைப்பது நல்லது. சாப்பிட்டபின் வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிழுவார்கள், உண்மையைச் சொன்னால் பெரியவர்களும்தான்.

பணத்தில்தான் சோதனை. சம்பளம் வந்த அன்றைக்கே, கடன் தவணைக்கும் சீட்டுக்கும் முன்பாகக் காணிக்கையைப் பிரித்துத் தனிக் கவரில் வைத்துவிடுங்கள். தினக்கூலி பெறுபவர்கள் அன்றன்றைக்கும், கடை வைத்திருப்பவர்கள் விற்றுமுதலில் அல்லாமல் இலாபத்தைக் கணக்கிட்டும் எடுக்கலாம். தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, பிடித்தம் போகக் கையில் வரும் தொகையில் எடுப்பதா, முழுச் சம்பளத்தில் எடுப்பதா என்று வருடக்கணக்கில் வாதாடுகிறவர்கள் உண்டு. ஒரு முறை ஜெபித்து முடிவு செய்து, பிறகு அந்தப் பேச்சை விட்டுவிடுவதே என் ஆலோசனை. கழுத்தளவு கடனில் இருப்பவர்கள் வட்டிக்கு வாங்கியோ, மளிகைக் கடைக்காரருக்குத் தரவேண்டியதை நிறுத்திவைத்தோ காணிக்கை கொடுக்கலாகாது. பெற்றோரைத் தாங்க வேண்டிய பணத்தைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தேவனுக்குரியதாக்கியவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் காணலாம். அப்படிப்பட்டவர்கள் சிறியதொரு பங்கில் தொடங்கி, கடன் குறையக் குறைய அதைக் கூட்டிக்கொண்டு போகலாம். முதலில் எடுக்கிறோம் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

தசமபாகம் கொடுப்பவர்களுக்கு ஆசீர்வாதத்தை வாக்களிக்கும் மல்கியா 3:10-ஐப் பிடித்துக்கொண்டு, நூறு கொடுத்தால் ஆயிரம் வரும் என்று பேசும் பிரசங்கங்களும் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. திரும்பப் பெறுவதற்காகக் கொடுப்பது முதலீடு. அதைக் காணிக்கை என்று அழைப்பது சரியல்ல.

தேவன் தருவார் என்று நம்புகிறவர்கள் சேமிக்கலாமா என்று கேட்கிறார்கள். யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் இதற்கு நல்ல வழிகாட்டி. வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்குத் தந்த மன்னா என்னும் உணவை அன்றன்றைக்குத் தலைக்கு ஓர் ஓமர் அளவு சேர்க்கச் சொன்னார்கள். பயந்து விடியற்காலம் வரைக்கும் மீதி வைத்தவர்களுக்கு அது பூச்சிபிடித்து நாறிப்போயிற்று. ஆனால் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து ஓய்வுநாளுக்கென்று வைத்தது கெடவில்லை. சேர்த்து வைத்தது என்ற வகையில் இரண்டும் ஒன்றே. ஒன்று பயத்தினால் வைத்தது, மற்றொன்று கர்த்தர் சொன்னபடி வைத்தது. ஜூன் மாதத்தில் வரப்போகிற பள்ளிக் கட்டணத்துக்காக ஜனவரியிலிருந்தே எடுத்து வைப்பது ஆறாம் நாள் சேர்ப்பு. எவ்வளவு இருந்தாலும் போதாது என்று பதுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டில் அடுப்பெரியாததைக் காணாதவர்போல் இருப்பது மற்ற வகை. உங்கள் சேமிப்பு ஒவ்வொன்றுக்கும் எதற்காக, எவ்வளவு என்று ஒரு வரி எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியாத தொகை எங்கே இருக்கிறதோ, அங்கே பயம் ஒளிந்திருக்கக்கூடும்.

அடுத்து ஒரு குறிப்பேடு வாங்குங்கள். இடப்பக்கத்தில் தேவையையும் தேதியையும், வலப்பக்கத்தில் பதிலையும் அதன் தேதியையும் எழுதுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், தேவைகளை மனிதரிடம் சொல்லிக் கேட்பதில்லை என்று தீர்மானித்திருந்தவர். ஆனாலும் வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்து வெளியிட்டார். 1898-இல் அவர் மறைவதற்குள் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் அவருடைய இல்லங்களில் வளர்ந்திருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில், இல்லத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கென்று குறித்த நாளில் ஒருவர்கூட வரவில்லை. வீட்டுக்காகவும் பணத்துக்காகவும் பணியாளர்களுக்காகவும் ஜெபித்த தாம், பிள்ளைகளை அனுப்பும்படி ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எனவே “எல்லாத் தேவைகளையும் சந்தியும், ஆண்டவரே” என்று மொத்தமாகச் சொல்லி முடிக்காமல், எது, எவ்வளவு, எப்போதைக்குள் என்று எழுதி ஜெபியுங்கள்.

என் குறிப்பேட்டில் ஒரு வருடம், “ஜூன் 10-க்குள் மகளின் பள்ளிக் கட்டணம்” என்று எழுதியிருந்தேன். பணம் வரவில்லை. ஜெபித்துக்கொண்டே இருந்தபோது, பள்ளி அலுவலகத்துக்குப் போய்த் தவணை கேட்க வெட்கப்படுகிறேன் என்பதுதான் என் உள்ளத்தில் திரும்பத் திரும்பத் தட்டியது. போய்க் கேட்டேன். மூன்று தவணையாகக் கட்டலாம் என்று எழுத்தர் தலை நிமிராமலே சொல்லிவிட்டார். வலப்பக்கத்தில் அதையே பதிலாக எழுதினேன். முல்லரைப்போல ஒருவரிடமும் கேட்காதிருப்பது அவருக்குக் கிடைத்த அழைப்பு; எல்லாருக்கும் அது கட்டளையல்ல. அதுபோலவே, நம்பிக்கை என்ற பெயரில் வேலை தேடாமல் இருப்பதும், மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதும் வேதம் கற்பிக்காதவை. வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதியது விசுவாசிகளைப் பற்றித்தான்.

பதில் வராத வரிகளும் குறிப்பேட்டில் இருக்கும். அவற்றை அடிக்காதீர்கள். என் குறைவையெல்லாம் தேவன் நிறைவாக்குவார் என்று சொல்லிக்கொள்ளும்போது, அந்த வாக்கியத்தைப் பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது காவலில் கட்டுண்டிருந்தார் என்பதையும், பட்டினியாயிருக்கவும் தாம் கற்றுக்கொண்டதாகச் சில வரிகளுக்கு முன்புதான் சொல்லியிருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். அவருக்கு வேண்டியது வானத்திலிருந்து விழவில்லை; பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பியதை எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்து சேர்த்தார். மற்றொருவருடைய குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் உங்கள் பெயர் எழுதப்பட வேண்டியிருக்கலாம்.

பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊர் விதவையின் பானையில் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். அதிலே முதலில் எனக்கு ஒரு சிறிய அடை பண்ணு, பின்பு உனக்கும் உன் குமாரனுக்கும் பண்ணலாம் என்று தீர்க்கதரிசியாகிய எலியா கேட்டதைக் கல்நெஞ்சம் என்றே நான் சிறுவயதில் நினைத்தேன். பிறகுதான் 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். அந்தப் பானை நிரம்பி வழிந்தது என்று அங்கே எங்கும் எழுதியில்லை. மா செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை, அவ்வளவுதான். பஞ்சம் தீரும்வரை அவள் ஒவ்வொரு நாளும் பானைக்குள் கையை விட்டுத் துழாவித்தான் அன்றைய மாவை எடுத்திருப்பாள். நிரம்பிய பானையை எதிர்பார்த்து இந்த வழியில் இறங்குகிறவர்கள் ஏமாறுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டின்னைப் பற்றி ஒரு வார்த்தை. பிடி எடுக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள சிறு பிள்ளையிடம் கொடுங்கள். கை சிறியதாயிருந்தாலும் மறக்காது. மூடி இறுக்கமாக இருக்கட்டும், அடியில் நான்கு காய்ந்த வேப்பிலை போடுங்கள். இரண்டு மாதம் சேரட்டும் என்று வைத்திருக்காமல் மாதாமாதம் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டு விழுந்துவிடும்.