மிளகாய் வாடல் நோய்: மருந்தடிக்கும் முன்பே டிரைக்கோடெர்மா இடுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஐப்பசி மழை வலுத்து வயலில் தண்ணீர் தேங்கினால், பூத்துக் காய்க்கும் நேரத்தில் மிளகாய்ச் செடி ஒவ்வொன்றாய்த் தலை சாய்க்கும். வீட்டுக் குழம்புத் தூளுக்கு ஒரு வருஷத்து வற்றல் அந்தச் செடிகளில்தான் இருக்கிறது.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். இலை மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டு வாடிய செடியைப் பிடுங்கி, அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் ஃபுசேரியம் பூஞ்சைதான். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று துவண்டால், தண்டுத் துண்டைத் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல்; இங்கே சொல்லும் முறையை அதற்கு நம்ப வேண்டாம்.

டிரைக்கோடெர்மா விரிடியும் ஒரு பூஞ்சையே. நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றின் சுவரைக் கரைத்துத் தின்றுவிடும். ஆனால் ஃபுசேரியம் வேருக்குள் புகுந்து நீர்க்குழாயை அடைத்துவிட்டால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. அதனால் விதையிலேயே தொடங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

விதை: கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா தூள். லேசாக ஈரம் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

எரு: இதுதான் முக்கியமான வேலை. நடவுக்கு 15 நாள் முன்னதாக, ஏக்கருக்கு 1 கிலோ தூளை 100 கிலோ நன்கு மட்கிய தொழுவுரம், 10 கிலோ வேப்பம் பிண்ணாக்குடன் கலந்து நிழலில் குவியுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. ஈரச்சாக்கால் மூடி, இடையிடையே கிளறிவிடுங்கள். பச்சைச் சாணியும் வெயிலும் ஆகாது. பூஞ்சை பெருகிய இந்த எருவைக் கடைசி உழவில் தூவலாம். நாலைந்து பாத்திதான் என்றால் குழிக்கு ஒரு கைப்பிடி போதும்.

நாற்று: லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்து, வேரை அரை மணி நேரம் நனைத்து மாலையில் நடுங்கள். மேட்டுப்பாத்தியாக இருந்தால் மழைத்தண்ணீர் வேரடியில் நிற்காது.

தூள் வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். பழசானால் உயிர் இருக்காது. கிடைக்கும் இடத்தைக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார விரிவாக்க மையத்திலோ விசாரிக்கலாம். கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியை இதோடு கலக்கவே கூடாது. டிரைக்கோடெர்மாவையும் சேர்த்தே கொன்றுவிடும்.

அப்படியும் ஒரு செடி வாடினால் வேரோடு எடுத்து எரியுங்கள். வாய்க்காலில் வீசினால் அடுத்த வயலுக்கும் நோய் போகும். ஃபுசேரியம் மண்ணில் பல வருஷம் தங்கும். அந்த இடத்தில் மறுபோகம் கத்தரியோ தக்காளியோ வைக்காமல் கம்பு அல்லது சோளம் விதையுங்கள்.