பம்பாஸ் புல்லைக் கட்டிவிட்டு அறுங்கள்

பம்பாஸ் மாதிரி பெரிய அழகுப் புல்லை அறுக்கும் முன், தூரை இடுப்பு உயரத்தில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். அப்புறம் தரையிலிருந்து அரை அடி விட்டுக் கருக்கரிவாளால் அறுத்தால், மொத்தமும் ஒரே கட்டாக வந்துவிடும். சிதறிய சருகைப் பொறுக்கும் வேலை மிச்சம். இலை விளிம்பு ரம்பம் போல் கிழிக்கும். தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

ஊட்டியில் இதை டிசம்பரில் செய்யாதீர்கள். புல்லின் குருத்து தூரின் அடியில் இருக்கிறது. காய்ந்து தொங்கும் இலைகள்தான் உறைபனி அதன்மேல் நேரே படாமல் காக்கின்றன. பனி அடங்கும் பிப்ரவரி கடைசிதான் சரியான நேரம். அதற்கும் தள்ளிப்போட்டால் நீண்டுவிட்ட புதுத் துளிரும் சேர்ந்து அறுபடும். குன்னூருக்குக் கீழே, பனி விழாத இடங்களில் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். காட்டோர வீடுகளிலும் அப்படித்தான். கோடை நெருப்புக்கு முன் சருகை அகற்றுவதே முக்கியம்.

பூங்கதிரை மட்டும் எங்கேயும் விட்டுவைக்காதீர்கள். பஞ்சாகப் பிரியும் முன்பே நறுக்கிவிடுங்கள். விதை காற்றில் பறந்து மலையின் சொந்தப் புல்வெளியில் முளைத்தால் பிடுங்குவது பெரும்பாடு. வெளியிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் அந்தப் புல்வெளியை விழுங்கியதே போதும்.

நீல ஃபெஸ்க்யூ போன்ற பசுமை மாறாத குட்டைப் புல்லுக்கு இந்த அறுப்பு ஆகாது. காய்ந்த இலைகளை விரலால் கோதி எடுத்தாலே போதும்.