குளிர் வருமுன் வாகனத்தின் பற்றரியைப் பார்த்து வையுங்கள்

ரொறன்ரோவுக்கும் அதைச் சூழ்ந்த நகரங்களுக்கும் புதிதாக வந்து, பிள்ளைகளை ஏற்றி இறக்கவும் சாமான்கள் கொண்டுவரவும் பழைய எஸ்.யூ.வி. ஒன்றையோ மினிவேன் ஒன்றையோ வாங்கும் குடும்பங்கள் குளிர்கால ரயர்களைப் பற்றி எல்லோரிடமும் விசாரிக்கின்றன. பற்றரியைப் பற்றி அநேகமாக யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. இங்கே நான் கண்ட முதலாவது ஜனவரியில், வேலைக்குப் புறப்படும் நேரத்தில் திறப்பைத் திருப்பியபோது, எஞ்சினுக்குப் பதிலாக 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டுமே கேட்டது.

பற்றரியைக் கொல்வது குளிர்தான் என்று அன்று நினைத்தேன். உண்மையில் அதன் ஆயுளை அரிப்பது கோடை வெப்பம். வெப்பத்தில் உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகளின் அரிப்பு விரைவுபடுகிறது. ஆனால் கோடையில் எஞ்சினை இயக்கச் சிறிதளவு வலுவே போதுமென்பதால், அந்த இழப்பு வெளியே தெரிவதில்லை. மைனஸ் 18 பாகைக் குளிரில் நல்ல பற்றரியே தன் வலுவில் ஏறத்தாழப் பாதியைத்தான் தரும். அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் தடித்துப்போவதால் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலுவும் தேவைப்படுகிறது. ஆகவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும் ஒரு பற்றரி, ஜூலையில் நலிந்து ஜனவரியில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. வானிலை அறிக்கையில் 'காற்றோடு சேர்த்து மைனஸ் 30' என்று சொல்வதைக் கேட்டுப் பதற வேண்டாம். அந்தக் கணக்கு மனிதத் தோலுக்கு உரியது, வாகனம் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே குளிர்வதில்லை.

ஒக்ரோபர் மாதத்திலேயே சோதித்துவிடுவது நல்லது. சில மணி நேரம் ஓடாமல் நின்ற வாகனத்தில், மின்னழுத்தத்தை அளக்கும் மல்ற்றிமீற்றர் 12.6 வோல்ற் காட்டினால் பற்றரி முழுதாக மின்னேறியிருக்கிறது, 12.2 என்றால் அதில் ஏறத்தாழப் பாதியே இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அளவு பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், பற்றரியைக் குறை சொல்வதற்கு முன் அதற்கு மின்னேற்றும் மின்பிறப்பாக்கியைச் சோதிக்கச் சொல்லுங்கள். வோல்ற் அளவு சரியாக இருந்தும், எஞ்சினை இயக்கும் மின்சுமையைத் தாங்காத பற்றரிகள் உண்டு என்பதால், மூன்று வயதைத் தாண்டியதை கராஜில் கொடுத்துச் சுமைச் சோதனை செய்விப்பதே பாதுகாப்பானது.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், நம் சமையலறையில் இருக்கும் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துவிடலாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். அந்தப் படிவில் அமிலம் இருக்கும்.

பற்றரியை அதிகம் வருத்துவது நெடும்பயணமல்ல, குறும்பயணமே. இருக்கைச் சூடு, பின்கண்ணாடிச் சூடு, காற்றாடி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடத்தில் பாடசாலைக்குப் போய்வரும் வாகனம், எஞ்சினை இயக்கச் செலவழித்த மின்சாரத்தைத் திரும்பப் பெறுவதற்குள் நின்றுவிடுகிறது. வாரத்தில் ஒருநாளாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். நிறுத்திய பின்னும் பதிவுசெய்யும் டாஷ் கமரா இருந்தால் குளிர்காலத்தில் அந்த வசதியை நிறுத்திவையுங்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்குவதென்றால், பற்றரி நிறைந்ததும் தானே மின்னேற்றத்தைக் குறைத்துக்கொள்ளும் சிறிய சார்ஜரில் அதைப் பொருத்திவிட்டுப் போகலாம். குளிர் என்பதற்காக மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். காபன் மொனொக்சைட் வாயு மணமில்லாமலே உயிரைக் குடிக்கும்.

அப்படியும் ஒருநாள் நின்றுவிட்டால் இங்குள்ளவர்கள் 'பூஸ்ட்' பண்ணுவார்கள், அதாவது இன்னொரு வாகனத்தின் பற்றரியிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் கொடுத்து எஞ்சினை இயக்குவார்கள். சிவப்புக் கேபிளை முதலில் செத்த பற்றரியின் நேர் முனையிலும், அடுத்து உதவும் வாகனத்தின் நேர் முனையிலும் பிடித்து, கறுப்புக் கேபிளை உதவும் பற்றரியின் மறை முனையில் பிடித்தபின், அதன் கடைசி நுனியை உங்கள் வாகனத்தின் பற்றரியில் அல்லாமல், அதிலிருந்து விலகிய, வர்ணம் பூசாத எஞ்சின் உலோகத்தில் பிடிக்க வேண்டும். பற்றரியிலிருந்து கசியும் ஐதரசன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடிக்கக்கூடும். மின்னிழந்த பற்றரி சாதாரணக் குளிரிலேயே உறைந்துவிடும். பக்கங்கள் வீங்கியோ வெடித்தோ இருந்தால் கேபிளைத் தொடாமல் உதவியை அழையுங்கள்.

புதியது வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியின் அளவையும் முனைகளின் இடத்தையும் குறிக்கும் அளவுத் தொகுதி எண் பொருந்த வேண்டும்; 24 என்பதும் 24எஃப் என்பதும் ஒரே பெட்டிபோலத் தோன்றினாலும் முனைகள் இடம் மாறியிருப்பதால் கேபிள் எட்டாமல் போகலாம். அடுத்தது சி.சி.ஏ. என்று அச்சிட்ட எண்: மைனஸ் 18 பாகையில், 7.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல் 30 வினாடிகள் எத்தனை அம்பியர் தரும் என்பதே அது. வாகனத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்குக் குறைவானதை இந்த நாட்டில் வாங்குவது வீண் சிக்கனம். சிக்னலில் தானாக நின்று தானாக இயங்கும் எஞ்சினுடன் ஏ.ஜி.எம். வகை (அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கும் பற்றரி) வந்திருந்தால், மலிவானது என்று சாதாரண வகையைப் போடாதீர்கள்; சில வாகனங்களில் புதிய பற்றரியைக் கணினியில் பதியவும் வேண்டியிருக்கும். ஹைபிரிட் வாகனத்திலும் தனியாக ஒரு 12 வோல்ற் பற்றரி உண்டு, பல வாகனங்களில் அது பின்பக்கத்தில் இருக்கும். உயர் மின்னழுத்தம் செல்லும் செம்மஞ்சள் நிறக் கேபிள்களின் பக்கம் மட்டும் கை போகக் கூடாது.

நீங்களே மாற்றுவதானால், எஞ்சினை நிறுத்தி, மறை முனையை முதலில் கழற்றிப் பிறகு நேர் முனையைக் கழற்றுங்கள். பூட்டும்போது நேர் முனை முதலில், மறை முனை கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றினால், நேர் முனையில் இருக்கும் ஸ்பானர் வாகன உடலில் பட்ட நொடியிலேயே தீப்பொறி பறக்கும். பற்றரியின் எடை 15 முதல் 25 கிலோ வரை இருக்குமென்பதால் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றரியைப் பிடித்துவைக்கும் சட்டத்தை இறுக்க மறந்தால் குழிவிழுந்த வீதிகளின் அதிர்வில் தகடுகள் உடையும்.

பழைய பற்றரியைக் குப்பையில் போடக் கூடாது. புதியதன் விலையோடு பல கடைகள் ஒரு வைப்புத்தொகையையும் வாங்கிக்கொள்கின்றன. பழையதைப் பற்றுச்சீட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். பற்றுச்சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதத்துக்கும் அதையே கேட்பார்கள். சீட்டிலுள்ள எழுத்து நாளடைவில் மங்கிவிடுகிறது.